ஒன்றரை லிட்டர்

சித்தூர் வெயிலில் குண்டுமல்லி வராது என்று சொல்பவர்கள் எல்லாம் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். தினமும் ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே சோம்பிக் கிடக்கும். நாலு நாளைக்கு ஒரு முறை ஊற்றி, நடுவில் வாட விட வேண்டும். வாடினால்தான் வேர் கீழே இறங்கித் தேடும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

எஸ்.ஐ. சார் என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னார். ஏட்டு அண்ணாதுரை அதைத் தெலுங்கில் மாற்றிக் கொடுப்பார். பேப்பரையும் பேனாவையும் வைத்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதுபா. ஒண்ணும் வுடாத, ஒண்ணும் சேக்காத" என்றார் அண்ணாதுரை. நல்ல மனிதர். அதனால் தோட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

என் பெயர் தேவேந்திரன். வயது நாற்பத்தாறு. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஊரை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. திருப்பதியில் இருக்கிற ஒரு ஏஜென்சி மூலமாக வீடு வீடாகப் போவேன். இதுவரை ஒன்பது பேரைப் பார்த்திருக்கிறேன். எட்டு பேர் விஷயத்தில் என் மேல் ஒரு குறையும் கிடையாது. விசாரித்துக்கொள்ளலாம்.

போன டிசம்பரில் என்னைச் சித்தூருக்கு அனுப்பினார்கள். கங்காதர நெல்லூர் போகும் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் வீடு. கமலக்கண்ணன் ஐயா. எழுபத்தொரு வயது. பாகாலா ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு பாதி வரும். இருதயமும் பலவீனம். மனைவி காஞ்சனா அம்மாள் இறந்து இரண்டு வருடம். ஒரே மகள் ஹரிப்ரியா மேடம், திருப்பதியில் அலிபிரி பக்கம் புருஷன் வீட்டில் இருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஆறாம் மாதம்.

முதல் நாள் கேட்டைத் திறந்ததும் வாசல்தான் கண்ணில் பட்டது. கேட்டிலிருந்து படி வரைக்கும் இரண்டு பக்கமும் பாத்தி கட்டிய தடம் இருந்தது. பாத்தியில் குச்சிகள் மட்டும் நின்றன. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பக்கம் உடைந்த கமோடு, இன்னொரு பக்கம் பழைய கட்டில் சட்டம். மேடம் என் பின்னாலேயே வந்தவர், அதைப் பார்க்காத மாதிரி உள்ளே போனார்.

"அம்மா வெச்சதுண்ணா. அம்மா போனதுக்கப்றம் யாரும் தண்ணி வுடல. என்னால பாக்க முடியல அத" என்றார்.

"தழைக்க வச்சுப் பாக்கலாமா மேடம்?"

"செத்துப்போச்சிண்ணா எல்லாம்."

நான் ஒரு மல்லிக்குச்சியின் அடியில் நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே ஒரு நூல் அளவுக்குப் பச்சை இருந்தது. மேடம் குனிந்து பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒரு ஆளுதாண்ணா இந்த வீட்டுக்கு உயிரக் கொண்டாந்திருக்கீங்க" என்றார். அந்த மாதிரி ஒரு பேச்சை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அதை நான் அளவுக்கு அதிகமாக எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐயாவுக்கு ஒரே ஆசை இருந்தது. பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். இடது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தட்டுத் தடுமாறி, எச்சில் வழிய, அதை எல்லோரிடமும் சொல்வார். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் முடிவதற்குள் தூக்கிக்கொண்டு வருவதாக மேடம் சொல்லியிருந்தார். அது வரைக்கும் அவரை நல்லபடியாக வைத்திருப்பதுதான் என் வேலை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இருதய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது. டீ, கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்து. மேலே போனால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். நான் ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு அளந்து கொடுத்தேன். ஜனவரிக்குள் கால் வீக்கம் வடிந்தது. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "சூப்பர்ண்ணா" என்று பதில் வந்தது. அந்தச் சீட்டில், எவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று எழுதவில்லை. டாக்டர் அதையும் எழுதியிருக்கலாம்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வாசலைச் சரிசெய்தேன். வெடித்த மண்ணைக் கடப்பாறையால் கொத்திப் புரட்டினேன். வேர்க்கடலை மில்லிலிருந்து தோலை மூட்டையில் கொண்டுவந்து மண் காயாமல் இருக்கப் பாத்தியில் மூடாக்குப் போட்டேன். ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் சுடுமண் பானை ஒன்றைக் கழுத்து வரைக்கும் புதைத்தேன். பானையில் ஊற்றினால் தண்ணீர் கசிந்து கசிந்து நேராக வேருக்குப் போகும். வெயில் குடிக்காது. மல்லி நாலு, செம்பருத்தி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று. இவை எல்லாம் அடியிலிருந்து துளிர்த்தவை. கனகாம்பரம் மட்டும் பக்கத்து வீட்டு ரத்னம்மா அக்கா கொடுத்த நாற்று.

அந்தச் சமயத்தில் ஐயாவின் கட்டில் ஜன்னல் ஓரம் இருந்தது. நான் கொத்துவதை அவர் படுத்தபடியே பார்ப்பார். முதல் துளிர் வந்த அன்று தலையணையை நிமிர்த்தி வைத்துக் காட்டினேன். "காஞ்சனா" என்று சொல்லிவிட்டு அழுதார். அவரும் இந்தத் தோட்டத்தை விரும்பினார் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மார்ச் முதல் வாரம் மேடத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே வாரம் வீட்டு போர்வெல் வற்றியது.

அதற்குப் பிறகு நாலு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீர்தான். இரண்டு டிரம் பிடித்து வைப்பேன். குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர் வரும். குடிதண்ணீருக்குக் கஷ்டம் கிடையாது. அதை மறைக்க வேண்டியதில்லை. கஷ்டம் வந்தது துணி துவைக்க. ஐயாவுக்கு மூத்திரம் அடங்காது. ரப்பர் ஷீட் மேல் போடுகிற துணி ஒரு நாளைக்கு நாலு, லுங்கி மூன்று. டயப்பர் போட்டால் அவருக்குத் தொடையில் புண் வந்துவிடும். துவைத்த தண்ணீரைச் செடிக்கு விட்டுப் பார்த்தேன். டெட்டால் கலந்த தண்ணீர். இரண்டு நாளில் ஒரு கனகாம்பரம் கருகிவிட்டது. ஆகவே அந்தத் தண்ணீர் யாருக்கும் உதவாது, சாக்கடைக்குத்தான் போகும். ஒன்றரை டிரம் இப்படிப் போனது. செடிக்கு அரை டிரம்தான் மிஞ்சியது.

நான் உட்கார்ந்து யோசித்தேன். குடிப்பது குறைந்தால் நனைவது குறையும். நனைவது குறைந்தால் துவைப்பது குறையும். டாக்டரும் குறைக்கத்தான் சொல்லியிருக்கிறார். இதில் யாருக்கும் கெடுதல் தெரியவில்லை. பாட்டிலில் ஒரு லிட்டரில் புதுக் கோடு போட்டேன்.

ஒரு வாரத்தில் துணி நாலு என்பது இரண்டாக ஆனது. செடிக்கு ஒரு டிரம் கிடைத்தது. செம்பருத்தியில் முதல் மொட்டு வந்தது.

ஏப்ரலில் எழுநூறு மில்லி. ஐயா அப்போது கேட்க ஆரம்பித்திருந்தார். "தண்ணி, தண்ணி" என்பார். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குச் சுத்தமாக வரும். நான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். சீட்டைக் கொண்டுவந்து காட்டினேன். "டாக்டர் சொன்னதுதான்யா. இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுங்க." சண்டை போடவில்லை. கையை ஓங்கியதில்லை. என் சர்வீஸில் நோயாளி மேல் நான் குரல் உயர்த்தியதே கிடையாது.

அவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதைக் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். கை நடுங்கி டம்ளர் விழுந்து விழுந்து நெளிந்தது. எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டேன். நான் வாசலில் வாளியோடு பானைகளுக்கு ஊற்றும்போது ஜன்னல் வழியே என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாளி போகிற பக்கமெல்லாம் அவர் தலை திரும்பும். அது எனக்கு வேலை செய்ய இடைஞ்சலாக இருந்தது. கட்டிலைச் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.

ரத்னம்மா அக்கா காலையில் கனகாம்பரம் பறிக்க வருவார். நெசவுக்காரக் குடும்பம். நகரியிலிருந்து இங்கே வாக்கப்பட்டவர். வாய் ஓயாது. "ஏம்பா தேவேந்திரா, கட்டிக்கினவள இப்பிடிக் கவனிச்சிருந்தா நீ இன்னாத்துக்கு இந்த ஊர்ல வந்து மூத்தரத் துணி அலசிக்கினு கீற?" என்று சிரிப்பார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். அவருக்கு ஞாபகம் இருக்காது.

மே மாதம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், அவர் ஐயாவைப் பார்க்க உள்ளே வந்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாபா இது, பெருசு இப்பிடி வத்திப் பூட்ச்சி? கண்ணு ரெண்டும் உள்ள போய்க்கினு கீது."

"வீக்கம் வடிஞ்சிருக்குக்கா. டாக்டர் வடியணும்னுதான் சொன்னாரு."

"வீக்கமா? எலும்புல இன்னாபா வீக்கம்? இர்ரா சாமி, நான் மோர் கொண்டாறேன்."

ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பேத்தியை ஸ்கூல் வேன் ஏற்ற ஓடினார். மோரில் உப்பு இல்லை. கொஞ்சம் புளித்திருந்தது. புளித்த மோர் செம்பருத்திக்கு ரொம்ப நல்லது. இலை மஞ்சள் அடித்தது நின்றுவிடும். அடியில் ஊற்றிவிட்டு சொம்பைக் கழுவிக் கொடுத்தேன். "துன்னாரா, குட்சாரா?" என்று கேட்டார். குடித்தார் என்றேன். அது பொய். இந்த வாக்குமூலத்தில் நான் சொன்ன பொய்களையும் எழுத வேண்டும் அல்லவா.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மேடம் வீடியோ கால் பண்ணுவார். நான் முதலில் தோட்டத்தைக் காட்டுவேன். ஒவ்வொரு செடியாக நின்று காட்டுவேன். மேடம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பாரு கண்ணு, எங்கம்மா, உன் ஆயா வெச்ச செடி" என்று பிள்ளைக்குக் காட்டுவார். அப்படியே ஒரு கால் மணி நேரம் போய்விடும். பிறகு போனை ஐயாவிடம் கொண்டுபோவேன். வெளிச்சம் குறைவான அறை என்பதால் முகம் சரியாகத் தெரியாது. மே இரண்டாவது ஞாயிறு ஐயாவால் பேச முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இடது கைக் கட்டை விரலை வாயில் வைத்து வைத்துக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார்.

"நைனா இன்னாண்ணா காட்றாரு? வாயாண்ட கைய கைய வெக்கிறாரு?"

"பேரன் விரல் சூப்புறான்ல மேடம். அத மாதிரி செஞ்சு காட்டுறாரு."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ நைனா, நீ கொழந்தையாவே ஆய்ட்ட" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்து அதன் வாயில் வைத்து, திருப்பிக் காட்டினார். ஐயா கையைக் கீழே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் காட்டவில்லை.

அந்த வாரத்தில் நானூறு மில்லி.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. வறண்ட உடம்பு எப்படி இருக்கும் என்று பத்து வருடமாகப் பார்த்தவன். புறங்கைத் தோலைக் கிள்ளினால் கூடாரம் மாதிரி அப்படியே நிற்கும். மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் வரும். பிறகு வராது. ஆனால் மல்லியும் இப்படித்தான் வாடும். இலை தொங்கும், செத்துவிட்டது என்று நினைப்போம், வேர் கீழே போய் எதையோ பிடித்துக்கொள்ளும். ஐயாவும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு வேர் கிடையாது என்று அண்ணாதுரை சார் சொல்கிறார். சரிதான்.

மேடம் மே கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வருவதாகச் சொன்னார். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள்.

அந்த வாரம் புதன்கிழமை காலையிலிருந்து ஐயாவின் துணி நனையவே இல்லை. மத்தியானம் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவர் போய்க்கொண்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரியும். 108-க்குப் போன் பண்ணினால் கால் மணி நேரத்தில் வண்டி வரும். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் வியாழக்கிழமை எழுந்து உட்கார்ந்திருப்பார். அதுவும் எனக்குத் தெரியும். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நான் ஏன் பண்ணவில்லை என்று எஸ்.ஐ. சார் மூன்று தடவை கேட்டார். பயத்தால் என்று அவர் எழுதப் பார்த்தார். பயம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மேடம் திருப்பதியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கேயே இருப்பார். வீட்டு வாசலுக்கு வர மாட்டார். செம்பருத்திப் பூ ஒரு நாள்தான் நிற்கும். மல்லியில் நான் எண்ணி வைத்த மொட்டுகள் அந்த வெள்ளி, சனியோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜூலை வரைக்கும் ஒன்றும் இருக்காது. ஐந்து மாத வேலை.

வியாழக்கிழமை குழாய்த் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் தளும்பத் தளும்ப நிரம்பியது. துவைக்கத் துணி இல்லாததால் முழுவதையும் வாசலுக்கே விட்டேன். பானைகள் எல்லாம் நிறைந்தன. நான் அங்கே வந்த பிறகு செடிகள் வயிறு நிறையக் குடித்தது அன்று ஒரு நாள்தான். சாயந்திரம் ஐயாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துவிட்டேன். பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொண்டு விடவில்லை. மெதுவாக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளி காலை ஆறே முக்காலுக்கு, நான் வாசல் கூட்டிவிட்டு உள்ளே வந்தபோது மூச்சு இல்லை. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, முகம் துடைத்து, துவைத்த போர்வையைக் கழுத்து வரைக்கும் போர்த்தினேன். முறையாகச் செய்தேன். யாருக்கும் போன் பண்ணவில்லை.

ஒன்பது பத்துக்குக் கார் வந்தது. மேடம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். கேட்டைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். செம்பருத்தியில் பதினேழு பூ. நந்தியாவட்டை வெள்ளையாக மூடியிருந்தது. மல்லி நாலும் பூத்திருந்தன. கனகாம்பரம் பாத்தி ஓரம் முழுக்க. மேடம் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அண்ணா. அம்மா இருந்தப்போ கூட இவ்ளோ பூத்தது இல்லண்ணா."

பிறகு குனிந்து ஒரு பூவைப் பிள்ளையின் கன்னத்தில் வைத்துக் காட்டினார். பிள்ளை தும்மியது. சிரித்தார். "நைனா முழிச்சிக்கினு கீறாரா? இத்தனையும் பாத்தாரா?"

"தினமும் பாப்பாரு மேடம்."

"வாடா கண்ணு. தாத்தா உன்னத் தொட்டுப் பாக்கணும்னு எத்தன மாசமா படுத்துக்கினு கீறாரு" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

அவர் வாசலில் நின்றது மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். அந்த மூன்று நிமிடமும் தன் அப்பா இருக்கிறார், அம்மாவின் தோட்டம் திரும்ப வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் நின்றார். பிறகு உள்ளே போனார். அந்தச் சத்தம் ரத்னம்மா அக்கா வீடு வரைக்கும் கேட்டது. அதற்கு மேல் நடந்ததை அந்த அக்கா உங்களிடம் சொல்லியிருப்பார். என் முகத்தில் காறித் துப்பியது அவர்தான். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அழுகைக்கு நடுவில், பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு. "அன்னிக்கி போன்ல நைனா தண்ணிதான கேட்டாரு? தண்ணிதான?" நான் ஆமாம் என்றேன். அது வரைக்கும் என்னை அண்ணா என்று கூப்பிட்டவர், அதற்குப் பிறகு எப்படியும் கூப்பிடவில்லை.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் சிறுநீரகம் வறண்டு போயிருந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்று அண்ணாதுரை சார் படித்துக் காட்டினார். அது சரி. ஒப்புக்கொள்கிறேன். கமலக்கண்ணன் ஐயாவுக்குத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றது நான்தான். தெரிந்தே செய்தேன். வீட்டில் தண்ணீர் இருந்தது. வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. எந்த செக்ஷன் என்று சார் போட்டுக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

கல் மனசு என்று மட்டும் எழுத வேண்டாம். ஐயா தன் மனைவி வைத்த செடி துளிர்த்ததற்காக அழுதவர். மகள் வருகிற அன்று வாசல் காய்ந்து கிடக்க அவர் சம்மதித்திருக்க மாட்டார். பேச்சு மட்டும் சரியாக இருந்திருந்தால், எனக்கு வேண்டாம், செடிக்கு ஊற்று என்று அவரே தன் வாயால் சொல்லியிருப்பார்.